பந்துக்கு அடுத்த பாடம்

கண் வரைவதென்றால் முதலில் ஒரு பந்து, தோலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று டிராயிங் கிளாஸ் நிலோபர் டீச்சர் போன ஞாயிற்றுக்கிழமைகூடச் சொன்னாள், ஆனால் எனக்குப் பந்தே இன்னும் சரியாக வரவில்லை, அதற்குள் கண் வந்து முன்னால் உட்கார்ந்துவிட்டது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐந்து. ஒரு மணிக்குப் பால்பாண்டி வந்துவிடுவான். வெங்காயப் பேட்டையில் மூட்டை இறக்குகிற பையன், இருபத்தைந்து வயசு இருக்குமோ என்னவோ, சட்டைக் காலரில் வெங்காயச் சருகு ஒட்டியிருக்க நேற்றுச் சாயங்காலம் ஸ்டூடியோவுக்கு வந்து செல்போனை நீட்டினான். "ஒரே ஒரு போட்டாதான்க்கா இருக்கு. பொறந்த புள்ளைய போட்டா புடிக்கக் கூடாதுன்னு என் மாமியா சொல்லிருச்சு. அது குளிக்கப் போன நேரமாப் பாத்து எடுத்தேன்." பதினேழாம் நாள் எடுத்தானாம். பத்தொன்பதாம் நாள் பிள்ளை இல்லை. காய்ச்சல் என்றான். அந்தப் படம்தான் இப்போது கம்ப்யூட்டர் திரை முழுக்க இருக்கிறது. நீலத் துண்டு, கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு, கையில் வசம்பு வளையல், வாயோரம் காய்ந்த பால். கண் மூடியிருக்கிறது. தூங்குகிற பிள்ளை கண்ணை மூடிக்கொண்டுதானே இருக்கும். "கண்ணை மட்டும் தொறந்து குடுங்கக்கா. நீங்கதான் நல்லாத் தொறப்பீகன்னு எல்லாரும் சொன்னாக." ஆமாம், நான்தான் நன்றாகத் திறப்பேன். இருபது வருஷமாகத் திண்டுக்கல்லில் எனக்கு அதுதான் பேர். இறந்தவர்களைத் தூக்குவதற்கு முன்னால் அவசரமாக எடுத்த படத்தைக் கொண்டுவருவார்கள், நான் அதற்குக் கோட்டு மாட்டிவிடுவேன், பட்டுச்சேலை கட்டிவிடுவேன், மூக்கில் வைத்த பஞ்சை எடுத்துவிடுவேன், கண்ணைத் திறந்துவிடுவேன். திறப்பதென்றால் என்ன, வேறொரு முகத்திலிருந்து கண்ணை வெட்டி எடுத்து இந்த முகத்தில் ஒட்டி, ஓரத்தைக் கரைத்து, நிறத்தைச் சேர்த்துவிடுகிறது. வரைவதில்லை. இருபது வருஷத்தில் ஒரு இமைமுடியைக்கூட நான் வரைந்ததில்லை.

காசிராஜன் தம்பிதான் முதலாளி, என்னைவிடப் பத்து வயசு சின்னவர், காலையிலேயே தன் செல்போனில் ஏதோ ஒரு செயலியில் இந்தப் படத்தைப் போட்டுக் கண்ணைத் திற என்று எழுதினார். ரெண்டே நிமிஷம். கண் திறந்தது, கூடவே கன்னம் உப்பியது, மூக்கு மாறியது, பல்லில்லாத வாயால் பிள்ளை கொழுகொழுவென்று சிரித்தது, திருஷ்டிப் பொட்டைக் காணோம். பால்பாண்டிக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது. "அண்ணே, இது யாரு புள்ளைண்ணே?" அவ்வளவுதான் கேட்டான். காசிராஜன் தம்பி செல்போனை மேஜையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "யக்கா, எதுக்குப் போட்டு உருட்டிக்கிட்டு, அந்த ஜெனிட்டா கண்ணையே வச்சு விடுங்க, பத்து நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டு, ஒரு கல்யாண வீட்டுக்காரர்களைப் பார்க்க வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது வாசலில் நின்று, "இல்லாட்டி ஒங்க டிராயிங் கிளாசுல படிச்சதைக் காட்டுங்க, பாப்போம்" என்று சிரித்தார். கேலிதான், மனசில் ஒன்றும் கிடையாது அவருக்கு. ஆனால் இப்போது கடையில் நான் மட்டும் இருக்கிறேன், மின்விசிறிச் சத்தம் இருக்கிறது, மேஜையில் பேனாவும் அந்தக் கருப்புப் பலகையும் இருக்கின்றன, பலகையில் நான் கோடு போட்டால் திரையில் கோடு விழும், அப்படி ஒரு வசதி. வசதி இருந்து என்ன. மாதாவே, எங்கே முதல் கோட்டைப் போடுவது?

ஜெனிட்டா என் மகள். அவள் மூன்று மாசக் குழந்தையாக இருந்தபோது இதே ஸ்டூடியோவில் பழைய முதலாளி எடுத்த படம் அது. நன்றாக முழித்து, நேராக, யாரிடமும் பயமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். கம்ப்யூட்டர் வந்த புதிதில் அதை உள்ளே ஏற்றி வைத்து ஆசை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த வாரம்தான் கிணற்றில் விழுந்த ஒரு சின்னப் பிள்ளையின் படத்தோடு அவங்க அப்பா வந்தார். கண் வேண்டும். என்னிடம் வேறு எந்தப் பிள்ளையின் கண்ணும் இல்லை. ஒரு தடவைதானே என்று வைத்தேன். அச்சாக உட்கார்ந்தது. அந்த அப்பா படத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அப்படியே இருக்காம்மா" என்று அழுதார். அப்புறம் இன்னொரு பிள்ளை, இன்னொன்று, வயசுப் பெண்கள்கூட, கொஞ்சம் சின்னதாக்கி, கொஞ்சம் கறுப்பாக்கி. கண் என்று ஒரு கோப்புறை இருக்கிறது, அதில் எத்தனையோ கண்கள், தாத்தாக்களின் கண், போலீஸ்காரர் கண், ஆனால் பிள்ளைகளுக்கு என்றால் கை தானாக ஜெனிட்டாவிடம்தான் போகும். நாற்பத்து மூன்று வீடு. கணக்கு எழுதி வைக்கவில்லை, ஜெபமாலை சொல்லும்போது ஒவ்வொரு வீடாக ஞாபகம் வரும், அப்படித்தான் தெரியும். ஒருமுறை துக்கம் கேட்கப் போன வீட்டில் மாலை போட்ட படத்துக்கு முன்னால் பத்து வயசு ஜெனிட்டா அண்ணாந்து நின்றுகொண்டு என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "ம்மா, இந்தப் பாப்பா என்னைய மாதிரியே முறைக்குது." சீரியல் பல்பு பச்சையும் சிவப்பும் மாறி மாறி அந்தக் கண்ணில் விழுந்துகொண்டிருந்தது. உயிரோடு இருக்கிற பிள்ளையின் கண்ணை எடுத்து ஊர் முழுக்க மாலைக்குள்ளே வைத்திருக்கிறேன். அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அடுத்த வாரமே ஒரு அவசரம் வந்தது.

ஜெனிட்டா கல்யாணமாகித் திருப்பூர் போனாள். முதல் தடவை மூன்றாம் மாசத்தில் கலைந்தது, ரெண்டாவது ஐந்தாம் மாசத்தில். டாக்டரம்மா பொறுமையாகப் படம் போட்டு விளக்கினார்கள், கர்ப்பப்பை வாய் பலவீனம், தையல் போட்டால் நிற்கும் என்று, எல்லாம் புரிந்தது, தலையைத் தலையை ஆட்டினேன், வெளியே வந்து பஸ் ஏறியதும் நாற்பத்து மூன்று வீடும் வரிசையாக நின்றன. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பங்குச்சாமியார், "போட்டோவுக்குக் கண்ணு வச்சதெல்லாம் பாவம் இல்லம்மா. அந்த வீட்டுக்காரங்களுக்கு ஆறுதல் குடுத்திருக்கீங்க" என்று சொல்லி மூன்று மங்கள வார்த்தை ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். முன்னூறு சொன்னேன். புனித லூசியம்மாள் தன் கண்ணைத் தட்டில் ஏந்திக்கொண்டு நிற்கிற சுரூபம் எங்கள் கோவிலில் இடது பக்கம் இருக்கிறது, அந்த அம்மாள் ஏந்தியிருப்பது தன் கண்ணை, நான் எடுத்துக் கொடுத்தது பெற்ற மகளுடையதை, அவளிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அந்தச் சுரூபத்துக்கு முன்னால்தான் நேர்ந்துகொண்டேன், இனிமேல் ஜெனிட்டாவின் கண்ணைத் தொடமாட்டேன், வேண்டுமென்றால் வரைந்து வைப்பேன், வரையத் தெரியாவிட்டால் கற்றுக்கொள்வேன் என்று. இப்போது ஜெனிட்டாவுக்கு ஏழாம் மாசம். தையல் நிற்கிறது. வருகிற வியாழக்கிழமை வளைகாப்பு.

அப்படித்தான் ஐம்பத்தைந்து வயசில் டிராயிங் கிளாஸ். ஞாயிறு பூசை முடிந்ததும் பேகம்பூரில் நிலோபர் டீச்சர் வீட்டு மாடிக்குப் போவேன். டீச்சருக்கு இருபத்தேழு வயசு, கும்பகோணத்தில் ஓவியம் படித்த பெண். கூடப் படிக்கிறவர்கள் எட்டுப் பேர், எல்லாம் நாலாவது அஞ்சாவது படிக்கிற பிள்ளைகள். முதல் நாள் நான் என் வேலைகளை அச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன், டீச்சர் ஒவ்வொன்றாகப் புரட்டி, "அம்மா, நீங்க ஏற்கெனவே ஆர்ட்டிஸ்டுதானே" என்றாள். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, "ஒரு பந்து போடுங்க" என்றாள். போட்டேன். பக்கத்திலிருந்த ரிஸ்வானா என்கிற வாண்டு எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, ஒங்க பந்து இட்லியாட்டம் இருக்கு" என்றது. எல்லாம் சிரித்தன, நானும் சிரித்தேன், வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மணிக்கட்டால் வரையாதீர்கள், தோளால் வரையுங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள். பந்து, பெட்டி, உருளை, மறுபடி பந்து. அஞ்சு மாசம் ஆயிற்று. கோடு கோணலாகப் போனால் என் இடது கை தானாக மேஜையில் ரெண்டு விரலை அழுத்தும், கம்ப்யூட்டரில் செய்ததை அழிக்கிற பொத்தான் அங்கேதானே இருக்கும், இருபது வருஷப் பழக்கம். டீச்சர் ஒருநாள் கவனித்துவிட்டு, "எடது கை என்னம்மா பண்ணுது?" என்றாள். "அழிக்குது டீச்சர்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் இடது கையை எடுத்து மடியில் வைத்துவிட்டு, "அது அங்கயே இருக்கட்டும். தப்பு தாள்ல இருக்கட்டும்" என்றாள். கண் எப்போது டீச்சர் என்று மாசாமாசம் கேட்பேன். "பந்துக்கு அடுத்த பாடம்மா அது. இன்னும் மூணு மாசம். அவசரப்பட்டா ஒட்டுன கண்ணாத்தான் வரும்." அவளுக்கு என் விஷயம் தெரியாது, சும்மாதான் சொன்னாள், எனக்குத்தான் சுருக்கென்றது. அதைவிடக் கொடுமை என்னவென்றால், கை இன்னும் வரவில்லை, பார்வை வந்துவிட்டது. பஜாருக்குப் போனால், தெரிந்த வீட்டுக்குப் போனால், என் படங்கள் தெரிகின்றன, முகம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், கண் மட்டும் நேராகப் பார்க்கும். நாற்பத்து மூன்றும் அப்படித்தான். இத்தனை வருஷமாக யாருக்கும் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை. தெரியாமலே இருந்திருக்கலாம்.

பதினொன்று நாற்பது. முதல் கோடு. இல்லை. அழித்தாயிற்று. இங்கே அழிக்கிற பொத்தான் இருக்கிறது, அதுதான் வம்பு, போடுகிறேன், அழிக்கிறேன், போடுகிறேன், அழிக்கிறேன், பிள்ளையின் இமை அப்படியே மூடிக்கிடக்கிறது, மேல் இமை கொஞ்சம் உப்பி, ஓரத்தில் ஒரு நரம்பு ஊதா நிறத்தில் ஓடி. தெரிந்ததை வரையாதீர்கள் அம்மா, தெரிகிறதை வரையுங்கள் என்பாள் டீச்சர். தெரிகிறதே மூடின கண்தானே டீச்சர். மூடின கண்ணைப் பார்த்துத் திறந்த கண்ணை எப்படி வரைவது, அந்தப் பாடம் யார் நடத்துவார்கள். பால்பாண்டிகூடப் பார்த்ததில்லை. "நான் போறப்பெல்லாம் தூங்கிக்கிட்டுத்தான் இருப்பான்க்கா. என் வீட்டுக்காரி மட்டும்தான் பாத்துருக்கா. ராத்திரி பால் குடிக்கிறப்ப முழிச்சு அவளைப் பாப்பானாம். அவதான் கேக்குறா, முழிச்ச மாதிரி வேணும்னு." நத்தத்தில் தாய்வீட்டில் இருக்கிறாளாம் அவள், வனிதா என்று பேர். உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் இந்தக் கண் எப்படி இருந்தது என்று தெரியும். இத்தனை நாளும் கொண்டுபோனவர்கள் எல்லாரும் அப்படியே இருக்கிறது என்றார்கள், அவர்களுக்கு அப்படி இருந்தால் போதும் என்றிருந்தது. இவள் அப்படிச் சொல்வாளா. பால் குடிக்கிற பிள்ளை பார்க்கிற பார்வையை நானும்தான் பார்த்திருக்கிறேன், ஜெனிட்டாவும் அவள் தம்பியும் பார்த்தார்கள், அதை யாராவது மறப்பார்களா, ஆனால் வரை என்றால் வரவில்லையே, நெஞ்சுக்குள் இருக்கிறது, கைக்கு இறங்கமாட்டேன் என்கிறது. செல்போன் அடித்தது. ஜெனிட்டா. எடுக்கும்போதே திரையைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன், எதற்கு என்று தெரியவில்லை. "ம்மா, சாப்பிட்டியா?" "இன்னும் இல்லடா. நீ?" "சாப்பிட்டேன். ம்மா, காலைலேர்ந்து புள்ள அவ்வளவா அசையலம்மா." நான் பேனாவைக் கீழே வைத்தேன். "டாக்டருக்குப் போன் பண்ணேன். இனிப்பா ஏதாச்சும் குடிச்சுட்டு எடது பக்கமாப் படுத்துப் பாக்கச் சொன்னாங்க. ஒரு மணி நேரத்துல தெரியலன்னா வரச் சொன்னாங்க. நீ பயப்படாத." அவள் எனக்குச் சொல்கிறாள், பயப்படாதே என்று. "ஜூஸ் குடி. படு. நான் ஜெபம் பண்றேன்" என்றேன். "பண்ணு. என்ன வேலையா இருக்க?" "சும்மா ஒரு போட்டோ" என்றேன்.

சும்மா ஒரு போட்டோ. அருள் நிறைந்தவளே. இந்த நிலைமையில் பந்து போட்டால் இட்லிகூட வராது. மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. இப்படி ஒரு நாளா அமைய வேண்டும், இப்படி ஒரு படமா, இந்த நேரமா. நான் என்ன செய்தேன் என்று சொல்லத்தான் வேண்டும். கண் கோப்புறையைத் திறந்தேன். பார்க்கத்தான் திறந்தேன், என் மகளை ஒருமுறை பார்க்க வேண்டும்போல இருந்தது. ஜெனிட்டா மூன்று மாசத்தில் முழித்துக்கொண்டு இருந்தாள். எப்போது வெட்டினேன், எப்போது ஒட்டினேன், கை போட்டோஷாப்பில் தானாக நடந்துவிட்டது, மணிக்கட்டால், தோளெல்லாம் தேவைப்படவில்லை, சின்னதாக்கி, ஓரத்தைக் கரைத்து, ரெண்டு கண்ணும் அந்த நீலத் துண்டுக்கு மேலே, பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, உட்கார்ந்துவிட்டது. அழகாக உட்கார்ந்தது. யாரிடமும் பயமில்லாமல் என்னையே பார்த்தது. அப்போது செல்போனில் டிங் என்று ஒரு செய்தி. நான் எடுக்கவில்லை. கண்ணை எடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் படித்தேன். *ம்மா உதைச்சுட்டான் ரெண்டு தடவ. நல்லா உதைக்கிறான்.* அழுதுவிட்டேன். அழுதுகொண்டே யோசித்தேன், இந்தக் கண் இங்கே இருக்கும்போதுதானே அங்கே உதைத்திருக்கிறான், அப்படியென்றால் ஒன்றும் இல்லையா, இத்தனை வருஷப் பயமும் சும்மாவா, சாமியார் சொன்னதுதான் சரியா, இல்லை இது கடைசி எச்சரிக்கையா, எடு எடு என்று உள்ளேயிருந்து உதைக்கிறானா, ரெண்டில் எது என்று யாரிடம் கேட்பது, மாதா பேசமாட்டாள், லூசியம்மாள் தட்டை ஏந்திக்கொண்டு சும்மா நிற்பாள். பயம் போய்விட்டது என்றுகூடச் சொல்லலாம். அப்படியே விட்டிருக்கலாம், வேலை முடிந்தது, காசிராஜன் தம்பி வந்து பார்த்து, நான்தான் அப்பவே சொன்னேனே யக்கா என்பார். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கும்போது திரையில் இருந்தது என் பிள்ளை. துண்டு வேறே, பொட்டு வேறே, பார்க்கிறது ஜெனிட்டா. நாற்பத்து மூன்று பேரும் யாரோ ஒருவருடைய பிள்ளை, நான் எல்லாரையும் என் பிள்ளையாக்கி அனுப்பியிருக்கிறேன். பால்பாண்டியின் பிள்ளை அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை. வனிதா நத்தத்தில் செல்போனை வாங்கிப் பார்ப்பாள், பார்த்த அந்த நொடியிலேயே கேட்பாள், இது யார் பிள்ளை என்று. எடுத்துவிட்டேன். மறுபடி மூடின இமை. பத்தொன்பது நாளில் ஒருமுறை மூடினது போதாதென்று நான் ஒருமுறை மூடினேன்.

பன்னிரண்டு இருபத்தைந்து. இடது கையை எடுத்து மடியில் வைத்தேன். அது அங்கேயே இருக்கட்டும். தப்பு இருக்கட்டும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன், எனக்குப் பதில் தெரிந்த ஒரே கேள்வி அதுதான். படத்தில் இடது பக்கம் ஜன்னல் இருந்திருக்கிறது, மூக்கின் அந்தப் பக்கம் வெளுத்திருக்கிறது, துண்டின் மடிப்பு இந்தப் பக்கம் இருட்டியிருக்கிறது. சரி. பந்து. கண் இருக்கிற குழியில் ஒரு பந்து, முழுசாக, தெரியாத பாகத்தையும் சேர்த்து. இட்லிதான் வந்தது. அதன்மேல் இன்னொன்று. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு மங்கள வார்த்தை, வேண்டுதல் இல்லை, மூச்சு ஒரே சீராக வருவதற்கு. வலது கண்ணுக்கு ஜெபமாலையில் ஒரு பத்து மணி முடிந்தது. பிறந்த பிள்ளைக்கு வெள்ளை அதிகம் தெரியாது, கருவிழிதான் நிறைய, கறுப்பு என்றும் சொல்ல முடியாது, மழைத் தண்ணீர் நின்ற சிமெண்டுத் தொட்டி மாதிரி ஒரு நிறம், அது ஜெனிட்டாவுக்கு இருந்தது, அவள் தம்பிக்கு இருந்தது, எல்லாப் பிள்ளைக்கும் இருக்கும், அதை எடுத்துக்கொள்வது திருட்டு ஆகாது. இமையைக் கொஞ்சமாகத் தூக்கினேன். முழுசாகத் தூக்கத் தைரியம் வரவில்லை. இமையின் நிழலைப் பந்தின்மேல் போட்டேன், பந்தின்மேல் நிழல் வளைந்து விழும், பெட்டியின்மேல் மடிந்து விழும், அஞ்சு மாசம் படித்தது அவ்வளவுதான். ஒளிப்பொட்டு ஜன்னல் பக்கம். பின்னால் சாய்ந்து பார்த்தேன். கண்மணி நேராக உட்காரவில்லை. முகம் சாய்ந்திருக்கிற சாய்வுக்கு அது இடது பக்கம் மேலே ஏறிப்போய்விட்டது, என்னைப் பார்க்கவில்லை, எங்கேயோ பார்க்கிறது. ஒரு கண் இன்னொன்றைவிடக் கொஞ்சம் அதிகமாகத் திறந்திருக்கிறது. நேராக்கப் பார்த்தேன். நேராக்கினால் பொம்மைக் கண் ஆகிறது. திருப்பி விட்டேன். மடியிலிருந்த இடது கை ரெண்டு விரலைத் தொடையில் அழுத்திக்கொண்டே இருந்தது. நன்றாக இல்லை. டீச்சர் பார்த்தால் அவசரம் என்பாள். இருபது வருஷத்தில் என் கையால் வந்த முதல் கண், இத்தனை மோசமாக ஒரு வேலையை நான் செய்து கொடுத்ததே இல்லை. வேறே என்ன செய்ய, எனக்குத் தெரியவில்லை, மணி ஒன்றாகிவிட்டது.

பால்பாண்டி செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தான். ஸ்டூடியோவுக்குள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. திரையைப் பார்த்தான். கிட்டே வந்து பார்த்தான், தள்ளிப் போய்ப் பார்த்தான். "என்னையப் பாக்கலையேக்கா" என்றான். "ஆமாப்பா." "மத்த போட்டாவுல எல்லாம் நேராப் பாக்குமேக்கா." "எனக்கு இவ்வளவுதான்ப்பா வந்துச்சு. கண்ணு நானா வரைஞ்சது. வேறே எங்கிருந்தும் எடுக்கல. புடிக்கலன்னா தம்பிகிட்ட சொல்லி வேற செஞ்சு தரச் சொல்றேன்." அவன் செல்போனில் திரையைப் படம் பிடித்து அனுப்பினான். அனுப்பிவிட்டு அவளைக் கூப்பிட்டான். ஒலியைக் கூட்டிக் கையில் ஏந்திக்கொண்டான். அந்தப் பக்கம் ஒரு குக்கர் விசில் அடித்து அடங்கியது. "வனிதா. பாத்தியா?" செல்போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனான். "வனிதா?" "இது அவன் கண்ணு இல்லங்க" என்றது குரல். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "அவனுக்கு இன்னும் சின்னது. ஓரத்துல இப்படி இருக்காது." "சரிம்மா, விடு, அக்கா இங்கதான் இருக்காக, மாத்தித் தரச் சொல்றேன்." "வேணாம்." "என்ன வேணாம்?" மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "மாத்தணும்னா மறுபடி மூடணும்ல. மூட வேணாம். இருக்கட்டும்னு சொல்லுங்க." போன் நின்றுவிட்டது. அவன் அதைச் சட்டைப் பைக்குள் வைக்க ரெண்டு தடவை முயற்சி பண்ணி மூன்றாவது தடவை வைத்தான். "பெருசா ஒண்ணுக்கா. பர்சுல வைக்கிற மாதிரி ஒண்ணு" என்றான்.

பிரிண்ட் கொடுத்தேன். மிஷின் சூடாகி உள்ளே இழுக்க நேரமாகும். நான் எழுந்து, திரைக்கு இடது பக்கம், மின்சாரப் பெட்டி இருக்கிற சுவரோரம் போய் நின்றேன். அங்கேதான் அந்தக் கண் பார்த்துக்கொண்டிருந்தது, அங்கே யாருமே இல்லாமல் இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. படத்தில் இருக்கிற கண் அப்படியெல்லாம் வெளியே வந்து பார்க்காது, தெரியும், அந்த அளவுக்காவது படித்திருக்கிறேன். "என்னக்கா அங்க போய் நிக்கிறீக?" என்றான் பால்பாண்டி. "ஒண்ணுமில்லப்பா. நீ இங்க வந்து நில்லு." நான் விலகிக்கொண்டேன். அவன் வந்து நின்றான். மூட்டை சுமக்கிற தோள், ஒரு பக்கம் இறங்கியிருந்தது. திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். "பாக்குறானாக்கா?" என்றான். பால் குடிக்கிற பிள்ளைக்கு முகம் எவ்வளவு கிட்டே இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் குனிஞ்சுக்கப்பா" என்றேன்.